தலையணைக்கு உதவாத இதழ்

எங்கள் நூலகத்துக்கு வரும் ஆராய்ச்சி இதழ்கள் எப்படி என்று யாராவது கேட்டால், "நல்ல வழவழப்பான தாள்" என்பேன். அதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது. பாதி இதழ்களின் பிளாஸ்டிக் உறையை நானே பிரித்ததில்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில் ஒரு பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் ரோஜாத் தோட்டங்கள், இரண்டுக்கும் நடுவில் எங்கள் பொறியியல் கல்லூரி. அங்கே நான் நூலகர். சேர்ந்த புதிதில், அறிவுக்குக் காவல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் பிளாஸ்டிக் உறைக்குத்தான் காவல் இருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது.

இதழ்ச் சந்தா எப்படி முடிவாகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. யாருக்கு எது தேவை என்று பார்த்து வாங்குவார்கள் என்று நினைப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. அது கல்யாணச் சீர் பிரிக்கிற மாதிரி. மெக்கானிக்கலுக்கு எத்தனை இதழோ, அத்தனை சிவிலுக்கும் வேண்டும், அதே அளவு எலக்ட்ரிகலுக்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் துறைத் தலைவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். மழைக்காலம் ஆரம்பிக்கும்போது பட்டியல் பெங்களூரில் இருக்கும் சந்தா முகவருக்குப் போகும். அடுத்த வருஷம் முழுவதற்குமான பணத்தை இப்போதே கட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு இதழ் வருவதும் வராததும் அவரவர் செய்த புண்ணியம். வரவில்லை என்று முகவருக்குப் போன் செய்தால், "ஆன் தி வே மேடம்" என்பார். சில இதழ்கள் போன வருஷத்திலிருந்து வழியிலேயே இருக்கின்றன.

இணைய இதழ்கள் வேறு கதை. அவற்றைத் தனித்தனியாகத் தரமாட்டார்கள், மூட்டையாகத்தான் தருவார்கள். தீபாவளிக்குப் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் வாங்கியவர்களுக்குப் புரியும். உங்களுக்கு வேண்டியது இரண்டு புஸ்வாணம், ஆனால் பெட்டி நிறையப் பாம்பு மாத்திரை இருக்கும். எங்கள் மூட்டையில் கடல் நண்டுகளைப் பற்றிக்கூட ஓர் இதழ் உண்டு. ஓசூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு ராத்திரி பயணம் போக வேண்டும்.

இதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தவரை நிம்மதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தரச்சான்றுக் குழு வருகிறது என்றால் முந்தின நாள் உறைகளைக் கிழித்து இதழ்களை அடுக்கில் வரிசையாக நிறுத்துவோம். அவர்கள் அடுக்கின்மேல் விரலை ஓட்டித் தூசி பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

நிம்மதியைக் கெடுத்தவர் எங்கள் தாளாளர். கல்லூரி ஆரம்பிப்பதற்கு முன் அவருக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலை இருந்தது, இன்னும் இருக்கிறது. படிப்பு விஷயத்தில் அவர் மூக்கை நுழைப்பதில்லை. ஆனால் வீணாகிறது என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் மனிதர் தூங்கமாட்டார். ஒருநாள் நூலகத்துக்குள் வந்து, உறை பிரிக்காத இதழ்களைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னாங்க மேடம் இது, கண்காட்சிக்கு வச்ச மாதிரி இருக்குது? எந்த ரகம் ஓடலையோ அந்த மரத்த வெட்டிட்டு வேற வைக்கறதில்லீங்களா? அது மாதிரி இதயும் பாருங்க."

பார்ப்பதற்கு ஒரு வழி சொல்ல, தரச்சான்று வாங்கித்தரும் ஆலோசகர் ஒருவர் பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். அவர் சொன்னது பெரிய நூலகங்களில் இருக்கும் வழக்கம்தான். படித்து முடித்த இதழை வாசகர் அடுக்கில் திருப்பி வைக்கக்கூடாது, மேசையிலேயே விட்டுவிட வேண்டும். சாயங்காலம் மேசையில் கிடக்கும் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு டிக் போட வேண்டும். சந்தா புதுப்பிக்கும் நேரத்தில், டிக்கே வாங்காத இதழ்களை நிறுத்திவிட வேண்டும். "படித்த இதழை மேசையிலேயே விடவும்" என்று பலகை எழுதி மாட்டினோம்.

டிக் போடும் பொறுப்பு என் உதவியாளருக்கு. மாநில எல்லையோரம் இருக்கும் பேரிகை ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் அம்மாள். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்றிலும் பொய் பேசத் தெரியாது. நூலகத்தில் இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறு கிடையாது.

முதல் வாரமே மேசைகளில் இதழ்கள் குவிந்தன. எனக்கே ஆச்சரியம். அடடா, பிள்ளைகள் படிக்கத் தொடங்கிவிட்டார்களே என்று மேசைப் பக்கம் போய்ப் பார்த்தேன். எங்கள் மாணவர்களில் பலர் டிப்ளமோ முடித்துவிட்டு நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தவர்கள். கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, கம்பெனி பஸ்ஸிலேயே வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போவார்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் நூலகத்துக்கு வருவார்கள், தூங்குவதற்கு. நான் எழுப்புவதில்லை. ராத்திரி முழுக்க மிஷின் முன்னால் நின்றவனை எழுப்பி, போய்ப் படிடா என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெறும் மேசையில் தலை வைத்தால் கன்னம் வலிக்கும் அல்லவா? அதனால் ஆளுக்கோர் இதழை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொள்வார்கள். சிவில் துறைக்கு வரும் கான்கிரீட் இதழ் ஒன்று உண்டு. தடிமனும் சரி, மென்மையும் சரி, அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். அதற்குத்தான் தினமும் போட்டி. தூங்கி எழுந்தவர்கள் பலகையில் எழுதியிருந்தபடி இதழை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். உதவியாளர் வந்து டிக் போட்டார்.

"இது தலகாணிக்கு எடுத்ததும்மா, படிக்கறதுக்கு இல்ல" என்றேன்.

"மேசையில இருந்தா டிக் போடச் சொன்னாங்க மேடம். எதுக்கு எடுத்தான்னு கேக்கச் சொல்லல."

அவர் சொன்னதும் சரிதான்.

இத்தனை இதழ்களுக்கு நடுவில் உண்மையிலேயே படிக்கப்பட்டது ஒன்றே ஒன்று. வார்ப்புத் தொழிலைப் பற்றிய வெளிநாட்டு இதழ் அது, ஒல்லியாக இருக்கும். அதை வெளியிடுவது ஏதோ ஒரு சின்னச் சங்கம், இணைய மூட்டைக்குள் அது வராது. அதைப் படித்தவள் மெக்கானிக்கல் துறையின் உதவிப் பேராசிரியை. துறைத் தலைவர்கள் முன்னால் என்னை மேடம் என்பாள், மற்ற நேரத்தில் அக்கா என்பாள். உருக்கி ஊற்றிய அலுமினியத்துக்குள் காற்றுக்குமிழி எப்படி மாட்டிக்கொள்கிறது, வண்டியின் உதிரிபாகம் ஏன் அந்த இடத்தில் விரிசல் விடுகிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. அவள் செய்துகொண்டிருந்த சோதனையையே வேறொரு நாட்டில் பெரிய அளவில் செய்து, முடிவுகளை அந்த இதழில் தொடர்கதை மாதிரிப் பாகம் பாகமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த முடிவுகளோடு தன் முடிவுகளை ஒப்பிட்டுக் காட்டினால்தான் ஆய்வேடு நிற்கும் என்று பெங்களூரில் இருந்த அவள் வழிகாட்டி சொல்லிவிட்டார். மிச்சப் பாகங்கள் அடுத்த வருஷம்தான் வரும்.

இன்னொரு பக்கம் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. அடுத்த கல்வியாண்டு முடிவதற்குள் முனைவர் பட்டம் வாங்காதவர்களுக்கு வேலை கிடையாது. அவள் கணவருக்குக் கம்பெனியில் ஒப்பந்த வேலை, இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. ஆக அந்த ஒல்லி இதழ் வந்தால் அவளுக்கு வேலை, வராவிட்டால் வீடு. வேறு இடத்தில் படித்துக்கொள்ளலாமே என்று அவளும் முயன்று பார்த்தாள். அதை வாங்கும் பெரிய நிறுவனம் ஒன்று பெங்களூரில் இருக்கிறது. எல்லையில் அத்திப்பள்ளி நெரிசலில் பாதி நாளைத் தொலைத்துவிட்டு அங்கே போனால், வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்று வாசல் காவலாளியே கன்னடத்தில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்டவள், தினமும் மதியம் வந்து அந்த இதழை எடுத்து, அரை மணி நேரம் குறிப்பெடுத்து, பிறகு எழுந்துபோய் அடுக்கில் அதே இடத்தில், விளிம்பு வரிசை மாறாமல், திருப்பி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் மேசையில் அது இருக்காது. அதற்கு டிக்கும் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, எத்தன தடவ சொல்றது? படிச்சிட்டு மேசையிலயே போட்டுட்டுப் போயேன்."

"சரிங்க்கா" என்பாள். படிப்பாள். மணி அடிக்கும். எழுந்து போய் அடுக்கில் வைப்பாள். வாசல்வரை போனபிறகுதான் நினைவு வரும். "ஐயோ, மறந்துட்டேங்க்கா. கை தானா போவுது."

கையைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவள் படித்ததெல்லாம் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் முழங்காலில் நிற்க வேண்டும். அப்படிப் பழகிய கை பலகையைப் படிக்குமா? தொட்டில் பழக்கம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

நானே எடுத்து மேசையில் போட்டுப் பார்த்தேன். உதவியாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நீங்க வச்சது கணக்குல வராது மேடம். பொய் டிக் போட்டா கை வெளங்காது."

கடைசியில் ஒருநாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இதழை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். பஸ் ஸ்டாண்டில் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவள் மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே போனாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அதற்குள் எதிர் மேசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன், கன்னத்தில் அட்டையின் கோடு பதிந்த முகத்தோடு துள்ளி எழுந்தான். இதழை எடுத்தான், ஓடினான், அடுக்கில் வைத்தான், என்னிடம் வந்து நின்றான்.

"மேடம் வச்சிட்டு மறந்துட்டுப் போயிட்டாங்க மேடம். நான் எடுத்து வச்சிட்டேன்."

எங்கள் பிள்ளைகளின் குணம் இது. தாங்கள் எடுத்ததைச் செத்தாலும் எடுத்த இடத்தில் வைக்கமாட்டார்கள். ஆனால் ஓர் ஆசிரியை எதையாவது விட்டுவிட்டுப் போனால் அப்படியே கிடக்க விடுவது மரியாதையில்லை என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றவனை என்ன செய்வது? "நல்லா இருடா சாமி" என்றேன். அடுத்த நாள் அவனை எச்சரித்து வைத்தேன். அவன் தூங்கினான், வேறொருவன் எழுந்து எடுத்து வைத்தான். இவர்கள் மரியாதை தெரியாதவர்களாக இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் வேலை பிழைத்திருக்கும்.

சந்தா புதுப்பிக்கும் நேரம் வந்தது. தாளாளர் அறையில் நூலகக் குழுக் கூட்டம். தாளாளர், துறைத் தலைவர்கள், முந்திரி பக்கோடா, நான். பட்டியலை வாசித்தார்கள். கான்கிரீட் இதழ்தான் முதலிடம். சிவில் துறைத் தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி மனப்பான்மை ஜாஸ்தி சார். நாங்க முதல் வருஷத்துலேருந்தே ஊட்டி வளர்க்கிறோம். இதுல ரெண்டு பிரதி வாங்கலாம்னு கேட்டுக்கறேன்."

பட்டியலின் அடியில் வார்ப்பு இதழ் இருந்தது, ஒரு டிக்கூட இல்லாமல். மெக்கானிக்கல் துறைத் தலைவர் அது தன் துறை இதழ்தான் என்பதையே அப்போதுதான் தெரிந்துகொண்ட மாதிரிப் பார்த்தார்.

"ஓடாத ரகம். வெட்டிடுங்க" என்றார் தாளாளர்.

வெறும் வாயால் சண்டை போட்டால் எடுபடாது என்று தெரியும். அதனால் இரண்டு இதழ்களையும் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஐயா, வெட்டறதுக்கு முன்னால ரெண்டையும் கையில எடுத்துப் பாருங்க."

முதலில் கான்கிரீட் இதழை எடுத்தார். வாழ்நாள் முழுக்க மாம்பழத்தை எடை போட்ட மனிதர், எதைக் கையில் எடுத்தாலும் மூக்குக்குக் கொண்டுபோவது வழக்கம். முகர்ந்தார். புருவத்தைச் சுருக்கினார். மறுபடியும் முகர்ந்தார்.

"என்னாங்க இது, தேங்காண்ண வாசன வருது?"

அட்டையின் நடுவில் வட்டமாக எண்ணெய் ஊறிய கறை. பக்கங்களைப் பிரித்தார். அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தவை சரசரவென்று விட்டுக்கொண்டன.

"யோசிக்கும்போது தலையைச் சாய்ச்சிருப்பாங்க சார்" என்றார் சிவில் துறைத் தலைவர். பக்கோடா மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது.

தாளாளர் இரண்டாவதை எடுத்தார். அது அவர் கையில் தானாகவே ஓர் இடத்தில் திறந்துகொண்டது. அலுமினியக் குமிழிக் கட்டுரையின் பக்கம். பக்கங்களின் மூலைகள் விரல் பட்டுப் பட்டுப் பழந்துணி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தன. முகர்ந்தார், எண்ணெய் இல்லை. பெருவிரலால் மூலைகளைத் தடவிப் பார்த்தார்.

"இதத்தான் யாரோ தின்னிருக்காங்க" என்றார். "யாரு?"

சொன்னேன். விடுதி, முழங்கால், ஓடிவந்து எடுத்துவைக்கும் பிள்ளைகள், எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒருத்தர்தானா?"

"ஒருத்தர்தாங்கய்யா."

"ஒருத்தருக்காக ஒரு மரத்த வச்சிருக்க முடியுமா மேடம்?"

"அந்த ஒருத்தர் இத வச்சுத்தான் படிப்ப முடிக்கணுங்க. முடிக்கலன்னா உங்க சுற்றறிக்கைப்படி வீட்டுக்குப் போவணும்."

அவர் மெக்கானிக்கல் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். தாளாளர் ஒல்லி இதழை மூடி வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் இருக்கட்டும். அதுக்கப்புறம் வெட்டிடுங்க. இந்தத் தலகாணிய இப்பவே வெட்டிடுங்க" என்றார்.

பெரிய மனசு என்று சொல்லமாட்டேன், பேரம் பேசிப் பழகிய மனசு. ஆனால் அந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கோடாவில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். செய்தியைச் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு யாரோ மேசையில் போட்டுவிட்டுப் போன இதழை எடுத்து, அடுக்கில் சரியாக வைத்துவிட்டுப் போனாள்.

மிச்சப் பாகங்கள் அடுத்த வருஷம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசிப் பாகம் இருந்த இதழ் மட்டும் வரவில்லை. முகவர் "ஆன் தி வே" என்றார். அதுவரை அவரிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே பேசிவந்த நான், அன்றைக்கு உதவியாளரிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட கன்னடத்தில் பேசினேன். அதில் நாலு வார்த்தை இங்கே எழுதக்கூடியவை அல்ல. அடுத்த வாரம் இதழ் கூரியரில் வந்துவிட்டது.

அவள் பட்டம் வாங்கினாள். வேலையும் நிலைத்தது. ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கருநீல ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்தில் தலைப்பு பொறித்து, நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். வார்ப்பு இதழ் நின்றுபோய்க் காலியாக இருந்த இடத்திலேயே அதை வைத்தேன். அதன்பிறகு தினமும் மதியம் வந்தாள். படிப்பதற்கு ஒன்றும் இல்லை, இருந்தாலும் வருவாள். அடுக்குப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். ஆய்வேடு வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். "யாராவது எடுத்தாங்களாக்கா?" என்று கேட்க வெட்கம், கேட்காமல் போவாள்.

ஒரு சாயங்காலம் நானும் உதவியாளரும் மேசைகளைச் சுற்றி வந்தபோது, ஜன்னலோர மேசையில் அந்தக் கருநீல அட்டை கிடந்தது. என் மனசு துள்ளியது. அருகில் போய்க் கையில் எடுத்தேன். தங்க எழுத்தின்மேல் வட்டமாக ஒரு பளபளப்பு. முகர்ந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கான்கிரீட் இதழை நிறுத்தி, பழைய பிரதிகளையும் மூட்டை கட்டியபிறகு பாவம் பிள்ளைகள் அந்தத் தடிமனுக்கு அலைந்திருக்கிறார்கள்.

"அக்கா!"

வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை, கம்பெனி பஸ்கள் போகும் நேரம், வீட்டுக்குக் கிளம்பியவள். அவள் கண் என் கையிலிருந்த அட்டையின்மேல் இருந்தது.

"மேசையிலயா இருந்துச்சு?"

"மேசையிலதான்."

"யாராச்சும் படிச்சாங்களா?"

உதவியாளர் வாயைத் திறந்தார். பொய் பேசத் தெரியாத அந்த அம்மாள் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் அவளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு பையன் ரொம்ப நேரம் வச்சிருந்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து டிக் போட்டார்.

நான் சேலைத் தலைப்பால் அட்டையை அழுத்தித் துடைத்து அவளிடம் நீட்டினேன்.

"ஆமாம்மா. படிச்சான்" என்றேன்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய், அடுக்கில் விளிம்பு வரிசை பார்த்து வைத்தாள்.